பத்து நாற்பதுக்கு வரும் பிள்ளை

2043ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு முத்துப்பேச்சியின் விளக்கு சிவப்பாக மாறியது.

அது அவள் வீட்டு விளக்கு இல்லை. சங்குமுனை அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில், ஒரு சுவர் முழுக்க விரிந்திருந்த டாஷ்போர்டில் இருந்த சின்னப் புள்ளி. பள்ளியில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை புள்ளிகள். பிள்ளைகள் தங்கள் டேப் கணினியில் எழுதும் ஒவ்வொரு கணக்கும், யோசிக்கும் ஒவ்வொரு நொடியும், அழித்து எழுதும் ஒவ்வொரு விடையும் அந்தச் சுவருக்குப் போய்ச் சேரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பச்சை. தடுமாறும் பிள்ளைக்கு மஞ்சள். பத்தாம் வகுப்பு தேறாது என்று கணிக்கப்பட்ட பிள்ளைக்குச் சிவப்பு. ஊரில் எல்லோரும் அதை லைட்டு போர்டு என்றார்கள்.

"டீச்சர், ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்று தலைமையாசிரியர் சுடலைமணி கூப்பிட்டார்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை லூர்து ரோஸலின் உள்ளே போனார். ஐம்பத்தோரு வயது. கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பிலும் இதே பிள்ளைகளுக்கு அவர்தான் வகுப்பாசிரியை. சுவரின் இடது ஓரத்தில் ஆசிரியர்களுக்கும் புள்ளிகள் உண்டு. அதில் ரோஸலின் டீச்சரின் புள்ளி ஏழு வருடமாகப் பச்சையிலேயே இருந்தது. அந்த வருட மாவட்ட விருதுப் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருப்பதாகப் பேச்சு.

"பாத்தியளா? உங்க பிள்ள ஒண்ணு செவந்துட்டு."

"யாரு சார்?"

"முத்துப்பேச்சி. தேறதுக்கு நூத்துக்கு இருபத்தொன்பதுன்னு காட்டுது. நாப்பதுக்குக் கீழ போனா என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா. வார இருபத்தொண்ணாம் தேதி வெள்ளிக்கிழமை முடிவு. அதுக்குள்ள ஏறலன்னா எளிய பாதை."

எளிய பாதை என்பது இரக்கத்தோடு வைத்த பெயர்தான். கஷ்டமான கணக்கு கிடையாது, அறிவியல் கிடையாது, பரீட்சை பயம் கிடையாது. பதினெட்டு வயதில் ஒரு கைத்தொழில் சான்றிதழ். ஆனால் அந்தப் பாதையில் போன பிள்ளை திரும்பி வந்து பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் எடுக்க முடியாது. உள்ளே போகக் கதவு உண்டு, வெளியே வரக் கதவு இல்லை.

"அவ நல்ல பிள்ள சார். மண்டைக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்கும் அவளுக்கு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போர்டு வேற மாதிரி சொல்லுதே. போன வருசமும் மழைக் காலத்துல பச்சையா இருந்தா. வெயில் வந்ததும் எறங்கிட்டா. 'பருவகாலச் சோர்வு, காற்றோட்டத்தைச் சரிபார்க்கவும்'னு வந்துச்சு. நான்தான் ஜூன்ல அவ பெஞ்சுக்கு மேலயே புது ஃபேன் மாட்டினேன். அதுக்குப் பொறவும் எறங்குது. இனி ஏசியா மாட்ட முடியும்?"

ரோஸலின் டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். மேசையில் இருந்த தன் டேப்பைத் திறந்து காலை வருகையைப் பதிவு செய்தார். பிள்ளைகளின் முகத்தைக் கேமரா படம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, அந்தச் சுவருக்குப் போகும் தகவல்களில் வருகை ஒன்றுதான் மனிதர் கையால் இடப்படுவது. காலையில் ஒரு முறை இட்டால் இடைவேளை வரைக்கும் இரண்டு பீரியடுக்கும் சேர்த்து.

நாற்பத்தோரு பெயர்கள். முப்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நாற்பத்தோரு பெயருக்கும் 'வருகை' என்று இட்டார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு அட்டை நோட்டை எடுத்தார். அது அவருடைய ஜெப நோட்டு. இன்னும் வந்து சேராத ஐந்து பிள்ளைகளின் பெயர்களைத் தேதி போட்டு எழுதினார். அவர்கள் வந்ததும் பக்கத்தில் நேரத்தையும் காரணத்தையும் குறிப்பார். அன்று மாலை கோயிலில் முழங்காலிடும்போது ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார்.

அவர் பொய் சொல்லப் பழகியவர் அல்ல. பல வருடங்களுக்கு முன் அவர் வகுப்பில் ஒரு பையனுக்கு வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனது. விதிப்படி பெயர் பட்டியலிலிருந்து தானாகவே நீங்கிவிட்டது. அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் கூடவே ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் மறுபடி பள்ளிக்கு வரவே இல்லை. இனி என் கையால் ஒரு பிள்ளையும் போகக்கூடாது என்று அன்று தீர்மானித்தார். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் "ஆண்டவரே, பிள்ளைக்காகத்தான்" என்று உதடு அசையும்.

பத்து நாற்பதுக்கு முத்துப்பேச்சி வந்தாள். ஒல்லியான பிள்ளை. பதினான்கு வயது. ஓடி வந்த மூச்சு.

"இன்னைக்கு என்னட்டி?"

"தம்பி செருப்பக் காங்கல டீச்சர். தேடிக் குடுத்தாத்தான் அம்மைகிட்ட போவேன்னு ஒரே அழுகை. கடைசில பாத்தா, ரெண்டையும் அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கான்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அவள் அப்பா கேரளக் கரையில் படகு வேலைக்குப் போயிருந்தார். அம்மா இசக்கியம்மாள் வெயிலுக்கு முன் உப்பு வார வேண்டும் என்பதற்காக விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விடுவாள், திரும்பப் பத்தரை ஆகும். பால்வாடி திறப்பதும் பத்து மணிக்குத்தான். இரண்டு வயதுத் தம்பி மாரிச்செல்வத்தைத் தனியே விட முடியாது. அம்மா தெருமுனையில் தெரிந்ததும் பிள்ளையை இறக்கிவிட்டு முத்துப்பேச்சி ஓட்டம் பிடிப்பாள். மழைக் காலத்தில் அளத்துக்கு லீவு. அப்போது மட்டும் மணி அடிக்குமுன் வந்துவிடுவாள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தன் டிபனிலிருந்த இட்லியில் இரண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, காலையில் நடத்திய கணக்கை மறுபடி நடத்தினார். பத்து நிமிடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? கணக்கு இல்ல."

"கேளு."

"கடத்தண்ணிய பாத்தி பாத்தியா மாத்தி விடுதாங்கள்லா. ஒரே தண்ணிதான? மொதல்ல ஜிப்சம் படியுது. பொறவுதான் உப்பு படியுது. அதுக்கும் பொறவு நிக்கிற தண்ணி கசக்குது. எது மொதல்ல எறங்கணும், எது காத்துக் கெடக்கணும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

டீச்சர் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "கெமிஸ்ட்ரி படிச்சா தெரியும்" என்றார்.

"அப்போ நா கெமிஸ்ட்ரிதான் படிப்பேன்" என்றாள் அவள். கைகழுவ எழுந்து போனாள். எளிய பாதையில் கெமிஸ்ட்ரி கிடையாது.

இரண்டு வாரம், ஒரு நாள் விடாமல், சாப்பாட்டு நேரம் அவர்கள் இருவருடைய வகுப்பாக இருந்தது. கணக்கு வாரத் தேர்வில் முப்பத்துநான்கு வாங்கிக்கொண்டிருந்தவள் அறுபத்தொன்று வாங்கினாள். டீச்சர் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

சிவப்பு இன்னும் அடர்ந்திருந்தது. இருபத்தொன்பது இருபத்தேழாக இறங்கியிருந்தது.

"மார்க்கு கூடினா நம்பர் எப்படி சார் கொறையும்?"

"எனக்கு என்ன தெரியும்? புதன்கிழமை மாவட்ட ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வாராங்க. அவங்ககிட்ட கேப்போம்."

புதன்கிழமை வந்தவர் தஸ்லிமா. முப்பது வயது இருக்கும். மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளின் சிவப்புப் புள்ளிகளையும் முடிவுக்கு முன் ஒரு முறை நேரில் பார்ப்பது அவர் வேலை. அதிகாரி போலத் தோரணை இல்லை. வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பிள்ளை உங்க பீரியட்ல என்ன செய்யுது?"

"என்ன செய்யும்? படிக்கும்."

"டேப்பைத் தொடவே இல்லையே."

தஸ்லிமா விரலால் சுவரில் தட்டினார். முத்துப்பேச்சியின் புள்ளி விரிந்து ஒரு நீண்ட அட்டவணை ஆனது.

"இங்க பாருங்க. முதல் ரெண்டு பீரியட். எண்பது நிமிஷம். பிள்ளை வந்திருக்கு. உக்காந்திருக்கு. ஆனா டேப்பைத் திறக்கவே இல்ல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நூத்தி எண்பத்திரண்டு நாள். கண் முன்னாடி பாடம் நடக்குது, தொடவே மாட்டேங்குதுன்னா போர்டு என்ன நினைக்கும்? கவனம் சுத்தமா இல்லன்னு நினைக்கும். இப்போ திடீர்னு மார்க்கு ஏறியிருக்கு. கவனமே இல்லாத பிள்ளைக்கு மார்க்கு ஏறினா, யாரோ சொல்லிக் குடுத்து எழுதியிருக்குன்னு சந்தேகப்படுது. அதான் இன்னும் இறக்கிடுச்சு."

தலைமையாசிரியர் இருமினார். தேவையில்லாத இருமல்.

வராத பிள்ளையை வந்ததாக எழுதியது யார்? அவர்தான். நூற்று எண்பத்திரண்டு நாள், ஜெபத்தோடு. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போட்ட ஒவ்வொரு 'வருகை'யும் அவள் தலைமேல் 'கவனமில்லாதவள்' என்று விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

வெளியே வராந்தாவில் சுடலைமணி சார் அவரை மறித்தார்.

"டீச்சர், வாயத் தொறந்திராதிய. பொய்ப்பதிவுன்னு தெரிஞ்சா உங்க லைட்டு ஒரே நாள்ல செவந்திரும். விருது போச்சு. அது கூட போகட்டும். நீங்க ஒரு பிள்ளைக்கா போட்டிய? ஒம்பது பத்து பேருக்குப் போட்டிருக்கிய. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா? நெசத்த எழுதினா அத்தன பேருக்கும் வருகை எழுபத்தஞ்சுக்குக் கீழ போயிரும். பேரே போயிரும். ஒண்ணக் காப்பாத்தப் போயி ஒம்பதத் தொலைப்பியளா?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. சொன்னது அத்தனையும் உண்மை.

மறுநாள் வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கு டீச்சர் உப்பளத்துக்கு நடந்தார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெளிவாக இல்லை. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வரப்புகளில் வெள்ளைக் குவியல்கள் வரிசையாக நின்றன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் துண்டு கட்டி, இசக்கியம்மாள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், நீங்க இங்ஙன வரலாமா? கண்ணு கூசுமே! பிள்ளைக்கு எதும்…"

"பிள்ள நல்லாத்தான் இருக்கா. நா ஒரு தப்புப் பண்ணிட்டேன் இசக்கியம்மா."

வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இசக்கியம்மாள் பலகையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ எம்புள்ள வகுப்புல சும்மா குத்தவச்சிருக்கான்னு எழுதி வச்சிருக்காவளா?"

"ஆமா."

"எழுதுனது ஆரு?"

"நாந்தான்."

இசக்கியம்மாள் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

"டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய. ஆனா ஒண்ணு கேக்கேன். எம்புள்ள பிந்தி வாரது எங்க ஊர் சுத்திட்டா? பச்சப்புள்ளய ஒத்தையில போடாம, அவனுக்குச் சோறு ஊட்டி, கால் கழுவி, எங்கையில குடுத்துட்டு வாரா. அத மறைக்கதுக்கு என்ன இருக்கு? உங்களுக்கு வெக்கமா இருந்திருக்கு, மறைச்சிட்டிய. எனக்கு வெக்கமில்ல. பிந்தி வாரான்னே எழுதுங்க."

டீச்சருக்குக் கண் கலங்கியது. உப்பின் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இசக்கியம்மாள் தன் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினாள்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறையில், அவர் எதிரிலேயே, ரோஸலின் டீச்சர் தஸ்லிமாவின் முன் அந்தப் பழுப்பு அட்டை நோட்டை வைத்தார்.

"நான் வராத பிள்ளைகளுக்கு வருகை போட்டிருக்கேன். நிஜம் இதுல இருக்கு."

தஸ்லிமாவின் முகம் மாறியது. "டீச்சர், இது பொய்ப்பதிவு. தண்டனை உண்டு. தெரியும்ல?"

"தெரியும்."

தஸ்லிமா நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தை மெதுவாக, இரண்டாம் பக்கத்தை இன்னும் மெதுவாகப் படித்தார். பிறகு தன்னை அறியாமல் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"'முத்துப்பேச்சி, பத்து நாற்பது. தம்பிக்குக் காய்ச்சல். ஆண்டவரே, காய்ச்சலை எடுத்துப்போடும்.' 'அந்தோணி விமல், பத்து இருபது. தண்ணி லாரி வரவில்லை.' 'முத்துப்பேச்சி, பத்து முப்பத்தெட்டு. அம்மாவின் காலில் உப்பு அறுத்த புண், மருந்து கட்டிவிட்டு வந்தாள்.' டீச்சர், இது என்ன நோட்டு?"

"ஜெப நோட்டு மேடம். பிந்தி வார பிள்ளைங்களுக்காக வேண்டிக்கிறது. மறந்திரக் கூடாதுன்னு எழுதி வச்சேன்."

தஸ்லிமா சுவரில் முத்துப்பேச்சியின் அட்டவணையை விரித்தார். டேப் முதன்முதலாகத் திறக்கப்பட்ட நேரம் ஒவ்வொரு நாளுக்கும் அங்கே இருந்தது. நோட்டில் பத்து நாற்பது என்றால் சுவரில் பத்து நாற்பத்திரண்டு. நோட்டில் பத்து முப்பத்தெட்டு, சுவரில் முப்பத்தொன்பது. இருபது தேதிகளைப் பார்த்தார். ஒன்று கூடப் பிசகவில்லை.

"நிமிஷம் மாறாம எழுதியிருக்கீங்க."

"சாமிகிட்ட பொய் சொல்ல முடியுமா?"

தஸ்லிமா சட்டென்று சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்தப் போர்டு வந்த புதுசுல வருகைக்குப் பக்கத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. காரணம் எழுதினா, தலைமையாசிரியர் கையெழுத்துல எழுபத்தஞ்சு சதவீத விதியைத் தளர்த்தலாம். அந்த விதி இன்னும் இருக்கு. ஆனா மூணு வருஷம் ஒரு டீச்சர் கூட அதை நிரப்பல. எல்லாரும் 'வருகை'ன்னே போட்டுட்டாங்க. பயன்படாத கட்டம்னு எடுத்துட்டோம். எடுத்தது எங்க ஆபீஸ்தான். கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி."

அறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் இரக்கத்தால் மறைத்தார், ஒருவர் பயத்தால் பேசாமல் இருந்தார், ஒருவர் காலியாகக் கிடந்ததைத் துடைத்து எடுத்தார். நடுவே ஒரு பிள்ளை தினமும் ஓடி வந்துகொண்டே இருந்தாள்.

"சார்" என்றார் தஸ்லிமா. "ஒன்பது பிள்ளைகளுக்கும் தளர்த்தல் குடுக்கணும்னா உங்க கையெழுத்து வேணும். குடுத்தா, இவ்வளவு நாளும் உங்களுக்குத் தெரியும்னு ஆகும்."

சுடலைமணி சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். சுவரில் தன் புள்ளியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஓய்வு பெற எட்டு மாசந்தான் இருக்கு" என்றார். "பச்சையா போனா என்ன, செவப்பா போனா என்ன, வீட்டுக்குத்தான போகணும். குடுங்க."

அன்றும் மறுநாளும் மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்தார்கள். டீச்சர் நோட்டைப் பார்த்து வாசிக்க, தஸ்லிமா திருத்திப் பதிய, தலைமையாசிரியர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார். தஸ்லிமா தொழப் போன நேரத்தில் டீச்சர் அவருக்காகத் தேநீரை மூடி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடைசிப் பெயர் முடிந்தது. முடிவெடுக்க அரை மணி நேரம் பாக்கி.

முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தவறு செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு வாசலில் நின்றாள்.

"உள்ள வாட்டி" என்றார் டீச்சர். "ஒன் லைட்டப் பாரு."

தஸ்லிமா "பிஸ்மில்லாஹ்" என்று மெல்லச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

சுவர் முழுதும் ஒரு முறை மங்கிப் பிரகாசித்தது. சிவப்புப் புள்ளி துடித்தது. மஞ்சள் ஆனது. டீச்சர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பச்சை. "ஸ்தோத்திரம்!" என்று அவர் சொல்லி முடிக்குமுன் பச்சையும் மாறி, புள்ளி நீலமானது.

"என்னது, நீலமா?" என்று சுடலைமணி சார் பதறினார். "ரிப்பேரா?"

தஸ்லிமா எழுந்து நின்றிருந்தார். "இல்ல சார். நீலம்னு ஒண்ணு இருக்கு. ரொம்பப் பேர் பார்த்திருக்க மாட்டாங்க. இருந்த நேரத்துக்கு எவ்வளவு கத்துக்கிட்டான்னு போர்டு இப்பத்தான் கணக்குப் போடுது. மத்த பிள்ளைங்க ஆறு மணி நேரத்துல படிக்கிறதை இவ நாலரை மணி நேரத்துல படிச்சிருக்கா. ஒரு வருஷத்துக்கும் மேல! மாவட்டத்துல நீலம் இவளோட அஞ்சு பேர்."

மற்ற எட்டுப் புள்ளிகளும் ஒவ்வொன்றாக மாறின. ஐந்து பச்சை. இரண்டு மஞ்சள். ஒன்று மட்டும் புதிதாகச் சிவந்தது; அதற்கு அடுத்த முடிவு நாள் வரை நேரம் இருந்தது. அந்தோணி விமலுக்கு உண்மையிலேயே கணக்கு வரவில்லை. அதுவும் தெரிந்தது நல்லதுதான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அவனுக்கு இனி யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

முத்துப்பேச்சி நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், அப்போ நா கெமிஸ்ட்ரி படிக்கலாமா?"

"படிக்காம? நீ படிச்சிட்டு வந்து எங்களுக்குச் சொல்லு, ஜிப்சத்துக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு."

"அப்போ அந்த ஃபேன்?" என்றார் தலைமையாசிரியர் சந்தேகத்தோடு.

"அத கழட்டிராதீங்க சார்" என்று முத்துப்பேச்சி அவசரமாகச் சொன்னாள். "காத்து நல்லா வருது."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, சுவரின் இடது ஓரத்தில் ரோஸலின் டீச்சரின் புள்ளி சத்தமில்லாமல் சிவப்பானது. அவர்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

விருதுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது. தண்டனை ஒன்றும் வந்தது. ஒரு வருடத்துக்கு அவர் இடும் வருகைப் பதிவு ஒவ்வொன்றிலும் வகுப்புப் பிள்ளை ஒருவர் சாட்சியாக விரல் பதிக்க வேண்டும். டீச்சர் வகுப்புக்கு வந்த நேரத்தையும் அந்தப் பிள்ளையே பதிய வேண்டும். நாற்பத்தோரு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். முறை வரும் நாளில் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

தஸ்லிமா அந்தக் கட்டத்தைத் திரும்ப வைத்தார். முதலில் சங்குமுனையில், பிறகு கரையோரத்தின் இருபத்துமூன்று பள்ளிகளில். ஏற்கெனவே நடந்த தவறுகளைத் திருத்துகிறவருக்கு இனித் தண்டனை இல்லை என்று உத்தரவும் வாங்கினார். அதன்பிறகுதான் அதிசயம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் யாரோ ஒரு டீச்சர், யாரோ ஒரு வாத்தியார், கைப்பையிலிருந்தும் மேசை இழுப்பறையிலிருந்தும் ஒரு நோட்டை வெளியே எடுத்தார்கள். டைரியில் குறித்தவர், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியவர், கணக்குப் புத்தக ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியவர். அத்தனை பேரும் பொய்யை டேப்பில் போட்டுவிட்டு உண்மையை எங்கோ பத்திரமாக வைத்திருந்தார்கள். மனிதரின் மனசாட்சியை இறைவன் அவ்வளவு எளிதில் அணைய விடுவதில்லை.

காரணங்கள் சேர்ந்தபோது மாவட்ட ஆபீஸின் சுவரில் ஒரு படம் தெரிந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகள், ஒரே கரையில், ஒரே மாதங்களில், ஒரே நேரத்துக்குப் பிந்தி வந்தார்கள். நூற்றுக்கு எண்பது பேருக்குக் காரணம் ஒன்றே: வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத கைக்குழந்தை.

அந்தப் படத்தைப் பார்த்த கலெக்டருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொங்கல் கழிந்து அளத்தில் வேலை தொடங்கிய முதல் நாள், கரையோரப் பால்வாடிகள் எல்லாம் விடியற்காலை நாலரைக்கே கதவைத் திறந்தன.

சங்குமுனைப் பால்வாடியில் முதல் நாளே ஒரு சிக்கல். மாரிச்செல்வம் அக்காவின் தாவணியை விட மாட்டேன் என்றான். அம்மா விடியலிலேயே கொண்டுவந்து விட்டபோது தூங்கிக்கொண்டிருந்தவன், அக்கா பள்ளிக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்ததும் விழித்துக்கொண்டான். ஆயாவிடம் போகவில்லை. பொம்மையை வீசினான். மணி எட்டு ஐம்பது.

அந்த வழியாக வந்த ரோஸலின் டீச்சர் அழுகைச் சத்தம் கேட்டு நின்றார்.

"என்னட்டி, இன்னும் நிக்க?"

"விட மாட்டேங்கான் டீச்சர். இன்னைக்கு என் சாட்சி முறை. நா பிந்தக் கூடாது."

டீச்சர் குனிந்து பையனைத் தூக்கினார். அவன் அவருடைய ஜெபமாலையைப் பிடித்து இழுத்தான். இழுக்கட்டும் என்று விட்டார்.

"நீ ஓடு. நா பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு நேரமாயிருமே டீச்சர்!"

"ஓடுன்னா ஓடு."

முத்துப்பேச்சி ஓடினாள். உப்பு வாரும் காலத்தில் அவள் மணி அடிக்குமுன் வகுப்பில் உட்கார்ந்திருந்த முதல் நாள் அது.

ரோஸலின் டீச்சர் வகுப்புக்குள் வந்தபோது ஒன்பது இருபத்தைந்து. தோளில் பால் கறை. வகுப்பு எழுந்து நின்றது. டீச்சர் வருகையை இட்டார். நாற்பத்தோரு பேர், நாற்பத்தோரு பேரும் நிஜமாகவே எதிரில் இருந்தார்கள். பிறகு டேப்பை முத்துப்பேச்சியிடம் நீட்டினார்.

அவள் விரல் பதித்துவிட்டு, டீச்சர் வந்த நேரம் கேட்கும் இடத்துக்கு வந்ததும் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், ஒம்பதுன்னு போட்டுறட்டுமா? யாருக்கும் தெரியாது" என்றாள்.

"எத்தன மணிக்கு வந்தேன்?"

"ஒம்பது இருபத்தஞ்சு."

"பொறவு?"

முத்துப்பேச்சி கொஞ்சம் யோசித்தாள். ஒன்பது இருபத்தைந்து என்று பதிந்தாள். பக்கத்திலிருந்த 'காரணம்' கட்டத்தில் விரல் வைத்து மெதுவாக எழுதத் தொடங்கினாள். டீச்சர் எட்டிப்பார்க்கவில்லை. பலகையில் அன்றைய தேதியை எழுதத் திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் செருப்புச் சத்தம். சுடலைமணி சார் வாசலில் வந்து நின்றார். வேகமாக நடந்து வந்த மூச்சு.

"டீச்சர்! உங்க லைட்டு…"

"செவப்புத்தான சார். தெரியும்."

"மஞ்சளாயிட்டு! என்ன எழுதிச்சு அந்தப் பிள்ள?"

சுவரில் அவர் படித்துவிட்டு வந்திருந்த வரிதான் அது. ஆனாலும் வகுப்புக் கேட்கட்டும் என்று கேட்டார். முத்துப்பேச்சி எழுந்து நின்று, டேப்பைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"'லூர்து ரோஸலின் டீச்சர். இருபத்தைந்து நிமிடம் தாமதம். காரணம்: என் தம்பியைத் தூங்க வைத்துவிட்டு வந்தார்.'"